யாழ்ப்பாணத்து நடைவழிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை, மலை இல்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால், நிலம் பெரும்பாலும் சமதரை; அடியில் சுண்ணாம்புக்கல், மேலே செம்மண்ணோ மணலோ. இங்கே வழி வெட்டுவது கடினமான வேலை அல்ல. வெயிலில் நடப்பவருக்கு நிழலும் நீரும் இளைப்பாற இடமும் கொடுப்பதுதான் கடினம். குடாநாட்டின் பழைய வழிகளை அமைத்தவர்களின் கவனம் முழுவதும் அதிலேயே இருந்தது.

ஊருக்குள் நடைவழி என்பது ஒழுங்கை. இருபுறமும் வேலிக்காக நட்டு வளரும் கிளுவை, பூவரசு, முள்முருக்கைக் கதியால்கள். அவற்றில் கட்டிய பனையோலை அல்லது கிடுகு. வேலிக்குச் சொந்தக்காரர் ஆண்டுதோறும் மாரிக்கு முன் பழைய ஓலையைக் கழற்றிப் புதியதை அடைப்பார். அப்போது ஒழுங்கைப் பக்கம் நீண்ட கிளைகளும் வெட்டப்படும். குழை ஆட்டுக்கும் வயல் பசளைக்கும் போகும். வழிக்கென்று தனியாக யாரும் வேலை செய்யாமலே வழி துப்புரவாகிவிடும். இதே வேலியடைப்பில்தான் தகராறும் பிறந்தது. ஒவ்வொரு முறையும் கதியாலைக் கொஞ்சம் அரக்கி நட்டால், சில ஆண்டுகளில் வண்டி போன ஒழுங்கையில் ஆள் மட்டுமே போகலாம். காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கோடு வழி, வாய்க்கால் உரித்தும் எழுதப்பட்டதற்குக் காரணம் உண்டு: பின்னால் இருக்கும் வளவுக்கு வழி இல்லையென்றால் அந்த வளவுக்கு மதிப்பு இல்லை. மழைநாளில் வெள்ளத்தைக் குளத்துக்குக் கொண்டுபோனதும் பல இடங்களில் இந்த ஒழுங்கைகளே. நெடுந்தீவில் மட்டும் காட்சி வேறு. அங்கே கதியாலுக்குப் பதில், சாந்தில்லாமல் அடுக்கிய முருகைக்கல் மதில்கள் வழியின் இருபுறமும் நிற்கின்றன.

வசதியான வீடுகளின் வாசலில் சங்கடப்படலை இருந்தது. படலைக்கு மேலே சிறு கூரை, இருபுறமும் குந்தியிருக்கத் திண்ணை. மழைக்கு ஒதுங்கவும் வெயிலில் களைப்பாறவும் வழிப்போக்கர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஊர்களுக்கு இடையிலான நெடுந்தெருக்களில் அந்தப் பொறுப்பை அறக்கொடைகள் ஏற்றன. மடம், கேணி, ஆவுரஞ்சிக்கல், சுமைதாங்கி ஆகியவை பல இடங்களில் அருகருகே அமைந்தன. கேணியின் ஒரு பக்கம் படி, மற்றப் பக்கம் மாடு இறங்கச் சரிவு. கரையில் நட்ட சொரசொரப்பான ஆவுரஞ்சிக்கல்லில் மாடுகள் உடம்பை உரசித் தினவு தீர்த்துக்கொள்ளும். சுமைதாங்கியின் அமைப்பு மிக எளியது: இரண்டு தூண், மேலே குறுக்காக ஒரு கல், ஏறக்குறைய தோளளவு உயரம். அந்த உயரத்தில்தான் அதன் பயனே இருக்கிறது. தலையில் நெல்மூட்டையோ புகையிலைச் சிப்பமோ சுமந்து தனியாக வருபவர் அதை நிலத்தில் இறக்கினால், திரும்பத் தூக்கிவிட இன்னொருவர் வேண்டும். தோளளவுக் கல்லில் சரித்து வைத்தால் குனிந்து தலைகொடுத்துத் தானே எடுத்துக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக உறவினர் சுமைதாங்கி நாட்டுவது வழக்கமாக இருந்தது. இறக்காமல் போன சுமையை அந்தக் கல் ஏற்கும் என்பது நம்பிக்கை. ஒரு குடும்பத்தின் துயரம் ஊர் பேர் தெரியாதவர்களுக்கு உதவியாக மாறிய இந்த வழக்கத்துக்கு இணையாகக் குடாநாட்டில் வேறொன்றைக் காட்டுவது கடினம்.

மடங்களில் தனிச்சிறப்புடையது பருத்தித்துறையில் தும்பளை செல்லும் வீதியில் உள்ள தெருமூடிமடம். மற்ற மடங்கள் தெருவோரத்தில் இருக்க, இது தெருவின் மேலேயே கட்டப்பட்டது. நடுவில் வீதி ஓடுகிறது. இருபுறமும் உயர்ந்த திண்ணைகள், கல்தூண்கள். கூரை வீதியையும் சேர்த்து மூடி நிற்கிறது. மடங்கள் பல அழிந்துவிட்டாலும் ஓட்டுமடம், கந்தர்மடம் போன்ற இடப்பெயர்கள் வழங்குகின்றன.

பிரித்தானியர் ஆட்சியில் வழி அரசாங்கத்தின் பொருளானது. 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம் 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் கட்ட வேண்டும் என்றது. அதே ஆண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இத்தகைய வரிகளும் காரணம். மக்கி பரவி உயர்த்திய அந்த வீதிகள் வண்டிக்கு உகந்தவை. 1905இல் ரயில் பாதை தெற்கோடு இணைந்தது. பின்னர் பேருந்து வந்தது. சுமையோடு தூரம் நடப்பவர் குறைந்ததும் சுமைதாங்கிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

உள்நாட்டுப் போர் ஒழுங்கைகளையும் விடவில்லை. 1990க்குப் பின் வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட ஊர்களில் கதியால்கள் மரமாகி, வழியும் வளவும் பற்றைக்குள் மறைந்தன. காணி விடுவிக்கப்பட்டுத் திரும்பியவர்கள் கிணற்றையும் பழைய மரங்களையும் அடையாளம் வைத்து எல்லை தேட வேண்டியிருந்தது.

நெடுந்தூர நடை இன்றும் உயிரோடு இருப்பது கதிர்காமப் பாத யாத்திரையில். தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதி முருகன் கோயிலில் தொடங்கும் அந்த வழி வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில் கடந்து உகந்தைமலைக்குப் போகிறது. அங்கிருந்து குமண, யால காடுகளுக்குள் நடந்து, ஆடி விழாவுக்குக் கதிர்காமம் சேர்வார்கள். மொத்தம் ஏறத்தாழ ஒன்றரை மாத நடை. போர்க்காலத்தில் குடாநாட்டிலிருந்து புறப்படுவது தடைப்பட்டு, பின்னர் மீண்டது. வழியெங்கும் ஊரவர் தரும் மோரும் சோறும் பழைய தண்ணீர்ப்பந்தலின் தொடர்ச்சியே. காட்டுப் பகுதி ஆண்டில் சுமார் இரண்டு வாரம் மட்டுமே திறக்கப்படுகிறது. அந்தக் குறுகிய காலத்தில் ஆயிரக்கணக்கானோர் நடப்பதால், அவர்கள் எறியும் பிளாஸ்டிக் போத்தலும் பொலித்தீனும் விலங்குகளின் நீர்நிலைகளைக் கெடுக்கின்றன. கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவருவது யாத்திரிகரின் கடமை.

குடாநாட்டுக்குள் பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபைகளிடமும் உள்ளன. கிடுகு வேலி மதிலாகவும் மண்வழி தார் அல்லது கொங்கிறீற்றாகவும் மாறிவருகின்றன. வீதி அகலிக்கும்போது ஓரத்துச் சுமைதாங்கிகளும் ஆவுரஞ்சிக்கற்களும் பெயர்க்கப்படுகின்றன. அவற்றைச் சில அடி தள்ளி அதே வீதியோரத்தில் நாட்டுவது பெரிய செலவு அல்ல; வீதித் திட்டத்திலேயே அதைச் சேர்க்க வேண்டும்.