நத்தார் இரவும் பேய்க் கதைகளும்

ஒரு மார்கழி மாதத்தில், தவணை விடுமுறைக்காகப் பாடசாலை மூடப்படவிருந்த நாளன்று, பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் எம்மிடம் ஒரு வினாவை எழுப்பினான். வெளிநாட்டில் வாழும் அவனுடைய மைத்துனர்கள் நத்தார் இரவில் வீட்டார் அனைவரும் கூடியிருந்து பேய்ப்படம் பார்ப்பார்களாம். "பாலன் பிறக்கிற நாளுக்கும் பேய்க்கும் என்ன தொடர்பு, சேர்?" என்று அவன் கேட்டான். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆயினும் அந்த வினா எம்மை விட்டு அகலவில்லை. கத்தோலிக்கர் பெருகி வாழும் ஊர்காவற்றுறைப் பகுதியில் வளர்ந்த நமக்கு நத்தார் இரவும் அச்சமும் அந்நியமானவையல்ல என்பது சிந்திக்கச் சிந்திக்கத் தெளிவாயிற்று.

முதலில் மாணவனின் வினாவுக்கு விடை காண்போம். ஐரோப்பாவின் வட நாடுகளில் மார்கழி மாதம் ஆண்டின் மிக நீண்ட இரவுகளைக் கொண்டது. வயலில் வேலையில்லை, வெளியே பனி. அடுப்பங்கரையில் கூடியிருந்த உழவர் குடும்பங்கள் இறந்தோரைப் பற்றியும் ஆவிகளைப் பற்றியும் கதை சொல்லிப் பொழுது போக்கின. 1647 ஆம் ஆண்டில் தூய்மைவாதிகளின் கையிலிருந்த ஆங்கிலப் பாராளுமன்றம் நத்தார் விழாவையே தடை செய்தது. 1660 இல் முடியாட்சி மீண்டபோது விழாவும் மீண்டது. மன்னரும் மன்றமும் மாறினாலும் அடுப்பங்கரைக் கதை அழியவில்லை.

இந்த வாய்மொழி மரபை அச்சுக்குக் கொண்டுவந்து உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் சாள்ஸ் டிக்கன்ஸ். 1843 மார்கழி 19 இல் வெளிவந்த அவருடைய 'கிறிஸ்மஸ் கரோல்' நத்தாருக்கு முன்பே ஆறாயிரம் பிரதிகள் விற்றுத் தீர்ந்தது. அதனை ஒரு பேய்க்கதை என்றே அவர் அறிமுகப்படுத்தினார். ஆனால் அந்தப் பேய் யாரை அச்சுறுத்துகிறது? ஏழையை அன்று, ஸ்குரூஜ் என்னும் கருமியான வணிகனை. இறந்துபோன அவனுடைய பங்காளி மார்லி, பணப்பெட்டிகளும் திறப்புகளும் கணக்குப் புத்தகங்களும் கோத்த சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறான். பின்னர் வரும் ஆவியொன்று தன் ஆடையை விலக்கி எலும்புந் தோலுமான இரு குழந்தைகளைக் காட்டுகிறது. ஒரு குழந்தையின் பெயர் அறியாமை. மற்றதன் பெயர் வறுமை. தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் குழந்தைகள் வதைபட்டதை விவரித்த பாராளுமன்ற அறிக்கையை அதே ஆண்டில் படித்து மனங்கொதித்தவர் டிக்கன்ஸ். துண்டுப் பிரசுரம் எழுத எண்ணியவர் பேய்க்கதை எழுதினார். அதனாற்றான் அது நூற்றெண்பது ஆண்டு கடந்தும் நிலைத்து நிற்கிறது.

பின்வந்தோர் இம்மரபை வேறு திசைகளிற் செலுத்தினர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து அறிஞர் எம். ஆர். ஜேம்ஸ் நத்தார் முன்னிரவில் மெழுகுதிரி வெளிச்சத்திலே தம் நண்பர்களுக்குத் தாமெழுதிய ஆவிக் கதைகளைப் படித்துக் காட்டினார். 1971 முதல் பிபிசி தொலைக்காட்சி அக்கதைகளைப் படமாக்கி நத்தார்க் காலத்தில் ஒளிபரப்பியது. 1974 இல் கனடாவில் 'பிளாக் கிறிஸ்மஸ்' என்ற கொலைப்படம் வந்தது. அதன் வழியில் இன்றும் படங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. அச்சம் இங்கே ஒரு விற்பனைப் பண்டமாயிற்று. வாயிலைப் பூட்டி, வயிறார உண்டு, பஞ்சணையில் சாய்ந்திருப்பவர் விலை கொடுத்து வாங்கும் அச்சம் அது.

இனி நமது தீவுகளுக்கு வருவோம். தமிழகத்தார் கிறிஸ்துமஸ் என்பதை நாம் நத்தார் என்கிறோம். இது போர்த்துக்கேயச் சொல்லின் மரூஉ. 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658 இல் ஒல்லாந்தரிடம் தோற்று வெளியேறினர். அதன்பின் கத்தோலிக்க வழிபாடு சட்டவிரோதமாயிற்று. ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய தீவு லைடன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. ஆள்வோர் நிலத்தின் பெயரை மாற்றினர். ஆனால் எளிய மக்களின் வாயிலிருந்து நத்தார் என்ற ஒரு சொல்லைக்கூட அவர்களால் பறிக்க முடியவில்லை.

எமது சிறுவயதில் நத்தார் முன்னிரவு என்பது விழித்திருக்கும் இரவு. மாரி மழை ஓலைக் கூரையில் இறங்கும். மின்சாரம் இல்லாத அக்காலத்தில் குப்பி விளக்கொன்று காற்றிலே நடுங்கும். பாலன் குடிலுக்கு வைக்கோல் பரப்பிய பின், சாமப்பூசை மணி கேட்கும் வரை சிறுவர்களை நித்திரை கொள்ளாமல் வைத்திருக்கும் பொறுப்பு அம்மம்மாவுடையது. அதற்கு அவர் கண்ட வழி கதையே. உத்தரிக்கிற தலத்து ஆத்துமாக்கள் வாசலில் வந்து செபம் கேட்டு நிற்கும் கதை சொல்லுவார். கடலோரத்தில் தாழ்ந்து எரிந்து நகரும் கொள்ளிவால் பேயைப் பற்றிச் சொல்லுவார். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் கோட்டையைப் பற்றிச் சொல்லுவார். அதற்குப் பூதத்தம்பி கோட்டை என்று பெயர். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அங்கே ஒரு பூதம் குடியிருப்பதாகவே நாம் நம்பினோம்.

வளர்ந்து கற்றபோது இந்தக் கதைகளின் அடியில் வேறு கதைகள் கிடப்பதை உணர்ந்தோம். பூதத்தம்பி பூதமல்லன், மனிதன். ஒல்லாந்தர் ஆட்சியின் தொடக்கத்தில், பகைவன் ஒருவன் வெற்றுத்தாளிலே ஒப்பம் வாங்கி, அதனை இராசத் துரோகக் கடிதமாக மாற்றிக் கொடுத்ததால் கொலையுண்ட நிரபராதி என்று யாழ்ப்பாணத்து மரபுக் கதை அவனைப் பேசுகிறது. கூத்தாகவும் அக்கதை ஆடப்பட்டது. அந்தக் கோட்டையோ போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் கமன்கீல் எனப் பெயரிட்டது, பிற்காலத்தில் சிறையானது. 1971 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது றோகண விஜேவீர அங்கே அடைக்கப்பட்டிருந்தார். போருக்குப் பின் அது கடற்படையின் பொறுப்பில் உல்லாச விடுதியாயிற்று. மனிதன் மறைந்து பூதம் மிஞ்சியது. சிறை மறைந்து விடுதி மிஞ்சியது. வரலாற்றை மறக்கச் செய்வதற்குப் பேயைப் போல உதவும் பொருள் வேறில்லை.

கொள்ளிவால் பேயின் உண்மையும் இத்தகையதே. சதுப்பு நிலத்தில் எழும் வாயு எரிவதால் அவ்வொளி தோன்றக்கூடும் என்பர். எம் கரைகளில் அதற்கு எளிய காரணம் ஒன்றும் உண்டு. ஓலைச் சூள் கொளுத்தி, இடுப்பளவு நீரில், மாரிக் குளிரில் இரவெல்லாம் மீன் தேடி நடந்த தொழிலாளியின் வெளிச்சம் அது. கரையில் கதவடைத்துப் படுத்திருந்தவனுக்குப் பேயாகத் தோன்றியது, கடலில் நின்றவனுக்கு வயிற்றுப் பிழைப்பு!

நத்தார் இரவைப் பற்றியே ஒரு மெய்யான அச்சக் கதை யாழ்ப்பாணத்திற்கு உண்டு. 1687 இல் கோவையிலிருந்து, அதாவது கோவா நாட்டிலிருந்து, யோசேப்பு வாஸ் என்னும் குருவானவர் பிச்சைக்காரர் கோலத்தில் இலங்கை வந்து சேர்ந்தார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருவுக்குப் புகலிடம் தருவதே பெருங்குற்றம். சில்லாலையில் மக்கள் அவரை மறைத்துக் காத்தனர். வீட்டுக்கு வீடு, இரவுக்கு இரவு, பூசை ஒளிந்து நடந்தது. 1689 ஆம் ஆண்டு நத்தார் இரவில் பூசைக்குக் கூடியிருந்தோரைப் படைவீரர் வந்து வளைத்தனர். ஏறத்தாழ 300 பேர் பிடிபட்டனர். அவர்களுள் எண்மர் கசையடிக்கு உள்ளாயினர். தொன் பேதுரு என்பவர் அடியின் கொடுமையால் உயிர் துறந்தார். அவர் ஆள்வோரின் மதத்தை விட்டு ஆளப்படுவோரின் மதத்திற்கு வந்தவர். ஏனைய எழுவரும் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டனர். வாஸ் அடிகளார் பிடிபடவில்லை. 1711 இல் கண்டியில் மறைந்த அவர் 2015 தை 14 இல் கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்டார். கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களோ ஆங்கிலேய ஆட்சியில், 1806 இலேதான் நீக்கப்பட்டன.

மதப்பற்றினால் நாம் இதைச் சொல்லவில்லை. போர்த்துக்கேயர் தம் காலத்தில் சைவக் கோயில்களை இடித்தனர் என்பதையும், 1544 இல் சங்கிலி மன்னன் மன்னாரில் புதிதாகக் கிறித்தவரான ஏழைகளைக் கொன்றான் என்பதையும் நாம் மறந்துவிடவில்லை. எம்மதத்தின் பெயரால் நடந்தாலும் அதிகாரத்தின் வாள் சாமானியனின் கழுத்திலேதான் விழுகிறது. நத்தார்க் கதையின் உள்ளேயே அந்த வாள் இருக்கிறதல்லவா? ஒரு குழந்தைக்கு அஞ்சிய ஏரோது மன்னன் பெத்தலேமின் ஆண் குழந்தைகளையெல்லாம் கொல்லச் சொன்னான். மார்கழி 28 இல் திருச்சபை அக்குழந்தைகளை நினைவுகூருகிறது. மன்னார்ப் பகுதியின் 'மூவிராசாக்கள் நாடகம்' பாலனைத் தேடி வந்த மூன்று அரசர்களையும் ஏரோதையும் மேடையேற்றியது. கூத்துக்குப் பெயர்பெற்ற மெலிஞ்சிமுனை போன்ற எம் கரையோரக் கிராமங்களில், கொடுங்கோல் மன்னர் முன் அஞ்சாது நின்று உயிர் கொடுத்தோரின் கதைகளைத் தொழிலாளிகளே ஆடினர். பகலிற் கடலுக்குப் போனவன் இரவில் அரசனானான். அரசனை எதிர்த்தும் நின்றான்.

தமிழிலக்கியம் அச்சத்தைப் பற்றிச் சொல்லிய பாடம் ஒன்றையும் இங்கே கருதவேண்டும். மணிமேகலையில் சார்ங்கலன் என்னும் சிறுவன் சுடுகாட்டிலே பேய் ஆடக் கண்டு வெருண்டு உயிர் விடுகிறான். பேய் தன் மகனைக் கொன்றதெனத் தாய் கோதமை சம்பாபதித் தெய்வத்திடம் முறையிடுகிறாள். பேய் உயிருண்பதில்லை, அவனுடைய அறியாமையையும் பழவினையையும் காரணமாகக் கொள் என்கிறது தெய்வம். பழவினையை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பேயைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டு அறியாமையை அதில் ஏற்றிய பழந்தமிழ்ப் புலவனின் துணிவை ஏற்கத்தான் வேண்டும். அதே காவியத்தின் மணிபல்லவம் நமது நயினாதீவே என்பர் அறிஞர் பலர். அங்கேதான் மணிமேகலை அமுதசுரபியைப் பெறுகிறாள்; பசியை ஒழிக்கப் புறப்படுகிறாள். அறியாமை, வறுமை என்று டிக்கன்ஸ் காட்டிய இரு குழந்தைகளையும் சாத்தனார் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்.

இப்போது நம் காலத்திற்கு வருவோம். 1985 வைகாசி 15 இல் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். கொன்றோர் கடற்படையினரே என்று உயிர் தப்பியோர் சாட்சி கூறினர். 2005 ஆம் ஆண்டு நத்தார்ப் பூசையின்போது மட்டக்களப்புப் புனித மரியாள் பேராலயத்திலே நாடாளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 ஆவணியில் அல்லைப்பிட்டிப் புனித பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர் மீது எறிகணைகள் வீழ்ந்தன, பலர் மாண்டனர். அவ்வாலயத்தின் பங்குத்தந்தை ஜிம் பிறவுன் அதே மாதம் 20 ஆந் திகதி காணாமற்போனார், திரும்பி வரவில்லை. ஊரடங்குச் சட்டம் நின்ற ஆண்டுகளில் எம் சாமப்பூசை பொழுது சாயுமுன்னரே முடிந்துவிடும். அந்நாட்களில் அம்மம்மா பேய்க்கதை சொல்வதை நிறுத்திவிட்டார். வாசலில் காலடி கேட்டால் அது உத்தரிக்கிற ஆத்துமமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும் நிலையில் நாம் இருந்தோம்.

மாணவனின் வினாவுக்கு நாம் சொல்லும் விடை இதுதான். பேய்ப்படம் பார்ப்பது பாவமன்று. 2014 மார்கழியில் வெளிவந்த மிஷ்கினின் 'பிசாசு' பேயையே இரக்கத்திற்குரிய உயிராகக் காட்டியது. அச்சமும் கலைக்கு உரிய சுவையே. ஆயினும் எந்த அச்சக் கதையைக் கேட்டாலும் ஒன்றைக் கேட்கப் பழகவேண்டும்: இக்கதை யாரை அஞ்சச் செய்கிறது? எளியவனைக் கிணற்றடியிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் அரசமாளிகையிலிருந்தும் விலக்கி வைக்கப் பிறந்த கதை ஒருவகை. கருமியின் கட்டிலருகே வந்து கணக்குக் கேட்கும் கதை மற்றொருவகை. முன்னது சங்கிலி, பின்னது சங்கிலியின் ஓசையைக் கேட்கச் செய்யும் காது.

நம் தீவுகளில் இன்று கதை சொல்லும் கிழவிகள் குறைந்துவிட்டனர். வீடுகள் பல பூட்டிக்கிடக்கின்றன; மதில்களில் பெருக்கும் ஆலும் அல்ல, மறதியே முளைத்திருக்கிறது. பூட்டிய வீட்டைப் பேய்வீடு என்று சிறுவர் சொல்லக் கேட்கிறோம். அவ்வீட்டில் இருந்தவர் யார், எந்த ஆண்டில், எந்தப் படகில் ஏறிப் போனார் என்று சொல்லிக்கொடுப்பார் இல்லையெனில், பூதத்தம்பிக்கு நேர்ந்ததே அவர்களுக்கும் நேரும். மனிதர் மறைவர், பேய் மிஞ்சும்.

விடுமுறை முடிந்து பாடசாலை திறந்தபோது அம்மாணவனிடம் ஒரு பணி கொடுத்தோம். தன் பாட்டியாரிடம் நத்தார்க் கதையொன்று கேட்டு எழுதிவரச் சொன்னோம். அவன் எழுதிவந்த நான்கு பக்கத்தில் பேய் எதுவும் இல்லை. ஒரு படகு இருந்தது. அதில் ஏறியவர்களின் பெயர்கள் இருந்தன. அப்பெயர்களை வகுப்பிலே உரத்து வாசிக்கச் சொன்னோம். அன்று வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை, யாரும் அஞ்சவுமில்லை.