டெங்கு: காய்ச்சல் விட்ட பிறகு ஏன் ஆபத்து? ரத்தக் குழாயின் 'சர்க்கரைப் பூச்சு' சொல்லும் காரணம்

டெங்கு என்றாலே எல்லோரும் பார்ப்பது பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான். நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டதும் 'அப்பாடா' என்று லேப்டாப்பைத் திறந்துவிடுகிறோம். ஆனால் சிலருக்கு ஆபத்தான கட்டம் தொடங்குவதே அப்போதுதான். ஏன்?

அதென்ன சர்க்கரைப் பூச்சு?

ரத்தக் குழாய்களின் உள்சுவரில் உள்ள செல்கள் மீது வழவழப்பான, மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. இதில் முக்கியமானவை புரோட்டியோகிளைக்கன்கள். செல்லில் ஊன்றிய ஒரு புரதத் தண்டு, அதிலிருந்து கிளைக்கும் நீளமான சர்க்கரைச் சங்கிலிகள்: இதுதான் அவற்றின் அமைப்பு. சின்டெகன்-1 அவற்றில் ஒன்று. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியே கசியாமல் தடுப்பதில் இந்தப் பூச்சுக்குப் பெரிய பங்கு உண்டு.

வைரஸ் என்ன செய்கிறது?

டெங்கு வைரஸ் பாதித்த செல்கள் என்.எஸ்.1 என்ற புரதத்தை ரத்தத்தில் விடுகின்றன. முதல் சில நாட்களில் லேப் டெஸ்ட்டில் தேடுவதும் இதைத்தான். இந்தப் புரதம் நம் செல்களிலுள்ள என்சைம்களையே தூண்டிவிட்டு, சர்க்கரைச் சங்கிலிகளை வெட்ட வைக்கிறது. சின்டெகன்-1 கழன்று வருகிறது என்று 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. பூச்சு சிதைந்தால் குழாய் கசியும். உடலின் நோய் எதிர்ப்பு வினையும் இதில் சேர்ந்துகொள்கிறது. கசிவு வெளிப்படுவது பெரும்பாலும் காய்ச்சல் தணியும் சமயத்தில். 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கலாம்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

பிளாஸ்மா கசிந்தால் ரத்தம் கெட்டியாகும். ஆகவே பிளேட்லெட் குறையும்போது ஹீமடோக்ரிட் (பிசிவி) ஏறுகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். பிளேட்லெட் ஏற்றுவதால் கசிவு நிற்காது. பூச்சைச் சரிசெய்யும் மருந்தும் இன்னும் வரவில்லை. அளவறிந்து திரவம் கொடுப்பதே சிகிச்சை. அளவு மீறினால் நுரையீரலில் நீர் சேரும் என்பதால், வீட்டிலேயே டிரிப்ஸ் போட்டுக்கொள்வது சரிவராது.

எப்போது ஓட வேண்டும்?

- கடுமையான வயிற்று வலி
- விடாத வாந்தி
- ஈறு, மூக்கில் ரத்தம்
- அசதி, அமைதியின்மை
- கை, கால் சில்லிடுதல்

இதில் ஒன்று இருந்தாலும், டெம்பரேச்சர் நார்மல் என்றாலும், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வலிக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம். காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாளாவது லீவை நீட்டியுங்கள். கூட ஒருவர் இருக்கட்டும்.