தடுப்பாற்றல் என்னும் சொல்

டிரைடன்ட் அணு ஏவுகணைகளைச் சுமக்கும் நான்கு நீர்மூழ்கிகளுக்கு மாற்றாகப் புதியவற்றைக் கட்டும் தீர்மானம், 2016 ஜூலை 18 அன்று பிரிட்டன் மக்களவைக்கு வந்தது. தீர்மானம் அந்த ஏற்பாட்டை ‘தடுப்பாற்றல்’ என்றே குறித்தது.

ஒரு லட்சம் அப்பாவிகளைக் கொல்லக்கூடிய தாக்குதலுக்கு ஆணையிடுவீர்களா என ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் ஜார்ஜ் கெரெவன் வினவினார். பிரதமர் தெரசா மே ‘ஆம்’ என்றார். பயன்படுத்தத் துணிவோம் எனப் பகைவர் அறிவதே தடுப்பாற்றலின் நோக்கம் என்றும் விளக்கினார்.

தீர்மானம் 472–117 என நிறைவேறியது. நீர்மூழ்கித் தளமான ஃபாஸ்லேன் அமைந்துள்ள ஸ்காட்லாந்தின் 59 உறுப்பினர்களில் 58 பேர் எதிர்த்து வாக்களித்தனர்.

‘தடுப்பு’ என்பது காவலைக் குறிக்கும் சொல். அச்சொல்லுக்கு வலுவூட்டுவதோ கொல்வதற்கான இசைவு. அன்றைய ‘ஆம்’ அந்த இசைவை அவைக்குறிப்பில் பதிவு செய்தது.