துரை வண்டி வீட்டு வண்டியான கதை

1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி, ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் ஒரு புது வண்டி அறிமுகமானது. பெயர் லேண்ட் ரோவர். அதற்குப் பிறகு ஏழு வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 16ஆம் தேதி காலை, கோலா கங்சார் மாவட்டத்தைச் சேர்ந்த சுங்கை சிப்புட்டில், இரண்டு ரப்பர் தோட்டங்களில் வெள்ளைக்கார நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது.

கண்காட்சிக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். அன்றைக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ராணுவமும் போலீசும் தோட்டத்துத் துரைமாரும் செம்மண் பாதைகளில் ஓடுவதற்கு நம்பிய வண்டிகளில் இதுவும் ஒன்று.

அது பிறந்த கதையைக் கேளுங்கள். ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சி தீவில் இருந்த தம் பண்ணையில், போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அது ஓய்ந்துபோனால் பதிலுக்கு வாங்க வேறு வண்டி இல்லை. அந்தக் கவலையில்தான் லேண்ட் ரோவர் உருவானது. போருக்குப் பின் இரும்புத் தகட்டுக்குக் கடும் தட்டுப்பாடு. ஆகவே உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். தட்டுப்பாட்டில் செய்த அந்த ஏற்பாடுதான், வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் நம் நாட்டில் வண்டியை அறுபது, எழுபது ஆண்டு நிற்க வைத்தது.

லயத்து மக்களுக்கு அன்று அது துரை வண்டி. பால்மரம் சீவப் போனவர்கள் நடந்து போனார்கள். வசதி வந்தபோது சைக்கிள் வாங்கினார்கள். முள்வேலியும் ஊரடங்கும் இருந்த காலத்தில், கேட்டுக்கு வெளியே போக வண்டி வைத்திருந்தவன் அதிகாரம் வைத்திருந்தவன்.

பிறகு காலம் மாறியது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் இன்றும் பெருமூச்சோடு சொல்வது அதைத்தான். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அந்த நெருக்கடியில்தான். நிலம் கை மாறியபோது தோட்டத்து வண்டிகளும் கை மாறின. ராணுவமும் போலீசும் கழித்துவிட்டவை ஏலத்துக்கு வந்தன. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருந்த சிறு தோட்டக்காரன் வாங்க முடிந்தது அதைத்தான். காலையில் ரப்பர் பால், மத்தியானம் உரமூட்டை, சாயங்காலம் பிள்ளைகள், ராத்திரியில் பிரசவ வலி என்று எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி.

1985இல் புரோட்டோன் சாகா வந்தது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டு, கோலா கங்சார் வழியாகக் கார்கள் பறந்தன. ஆனால் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி, தார் முடிந்து, மண்பாதை தொடங்கும் இடத்தில் சாகா நின்றுவிடும். மோட்டார் சைக்கிள் போகும். ஆனால் அதில் செம்பனைக் குலையையும் காய்ச்சலில் கிடக்கும் பாட்டியையும் ஏற்ற முடியாது. சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் போஸ் பியா, கோலா மு போன்ற பூர்வகுடி கிராமங்களுக்குப் பிழைப்பு, பள்ளி, மருந்து எல்லாமே நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியை நம்பித்தான். பக்கத்துத் தைப்பிங்கில் புக்கிட் லாருட் மலைக்குப் பல்லாண்டுகளாக மக்களை ஏற்றிச் சென்றதும் அரசாங்க லேண்ட் ரோவர்தானே!

பழைய வண்டியைப் புகழ்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். உடல் அலுமினியம், ஆனால் அடிச்சட்டம் இரும்பு. இரண்டும் ஒட்டும் இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு வேகமாகப் பிடிக்கும். மேலே பளபளக்கும், அடியில் பொத்தலாகியிருக்கும். பழைய மாடல்களில் டிரம் பிரேக். ஆற்றில் இறங்கி ஏறினால் நனைந்து, சிறிது நேரம் சரியாகப் பிடிக்காது. பின்னால் பக்கவாட்டு பெஞ்சு, இடுப்பு வார் கிடையாது. அதில்தான் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து போனார்கள். பெட்ரோலோ லிட்டருக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர். கிராமத்து மெக்கானிக் நாலு ஸ்பேனரை வைத்துக்கொண்டு சரிசெய்துவிடுவார் என்பது உண்மை. அவர் சரிசெய்ய வேண்டிய அவசியம் மாதாமாதம் வந்தது என்பதும் உண்மை.

அரசாங்கம் இந்த வீடுகளை எப்போது கவனித்தது? 2009 அக்டோபரில், 15 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகள் சாலை வரி புதுப்பிக்க ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும் என்று புதிய வாகனக் கொள்கையில் அறிவித்தார்கள். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. சில நாளிலேயே கைவிட்டார்கள். வண்டி பாதுகாப்பானதா என்று கேட்டது தவறல்ல. ஆனால் வண்டியை எடுத்துவிட்டால் அந்த வீட்டார் எதில் போவார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை பாதையில் இருக்கிறது, பட்டறையில் இல்லை.

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டர் 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசுக்கு ஏறியது. தகுதி பெற்ற டீசல் வாகன உரிமையாளருக்கு மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை என்றார்கள். அதைப் பெற வண்டி விண்ணப்பிப்பவர் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே கிடக்கும் வண்டிக்கும், பெட்ரோலில் ஓடும் பழைய லேண்ட் ரோவருக்கும் அந்தத் தொகை கிடையாது.

அந்த வண்டியின் வம்சத்தில் வந்த பழைய டிபெண்டர் மாடலின் உற்பத்தி 2016 ஜனவரி 29ஆம் தேதி இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையில் நின்றுவிட்டது. அதன்பின் பழைய வண்டிகளுக்கு வெளிநாடுகளில் சேகரிப்பாளர்களிடம் நல்ல கிராக்கி. கோலா கங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே, 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் மிஞ்சிய ஒன்று வேலிக்குள் பாதுகாப்பாக நிற்கிறது. அங்கிருந்து சில மைல் உள்ளே போனால் மழைக்காலத்தில் இன்னும் சேறுதான்.