ஓதம் ஏறும் சுவர்

சுவரிற் கசியும் ஈரத்தை ஓதம் என்பது தமிழ் வழக்கு. கடல் நீரின் ஏற்றத்திற்கும் அதுவே பெயர். இரண்டும் கீழிருந்து மேலேறுவன ஆதலின் பெயர் பொருந்துவதே.

விளக்குத்திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல, கடைக்காலின் கீழுள்ள நீரைச் செங்கல்லின் நுண்டுளைகள் மேலே ஈர்க்கின்றன. ஏறிய நீர் காற்றுப்பட்டு உலருங்கால், தான் கொணர்ந்த உப்பைச் சுவரின் முகத்தே விடுத்துச் செல்லும். ஆதலின் ஏறும் நீரினும், போக வழியின்றி அடைபட்ட நீரே மனைக்குப் பெரும்பகை என்க.

காற்றில்லா இடத்து ஈரத்தின் கொடுமைக்கு நம் அருணையிலேயே சான்றுண்டு. 1896-ஆம் ஆண்டு பகவான் ரமணர் இளைஞராய் இவண் போந்து, ஆயிரக்கால் மண்டபத்து நிலவறையாகிய பாதாளலிங்கத்தில் அமர்ந்தபோது, அங்கு வாழ்ந்த சிற்றுயிர்கள் அவர் தொடையை அரித்துப் புண்ணாக்கின. உடலை மறந்தார்க்கு அது தகும், இல்லறத்தார்க்குத் தகாது. அவ்விடம் செப்பனிடப்பெற்று, 1949-இல் கவர்னர் ஜெனரலாயிருந்த ராஜாஜியால் திறக்கப்பெற்றது.

பின்னர் 1922-இல் அன்னையார் சமாதியை ஒட்டி ஆசிரமம் தோன்றிய தென்னடிவாரமோ மலைநீர் இறங்கிவரும் நிலம். இத்தகைய நிலத்தில் வீடெடுத்த நம் முன்னோர், கருங்கல்லால் அடித்தளத்தை உயர்த்தி, அதன்மேற் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்திட்டு அடுக்கினர். சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்பினது. ஆங்கிலர் பலகைத்தளத்தின் கீழ் வெற்றிடம் விட்டு, சுவரில் துளைச்செங்கல் பதித்துக் காற்றை ஓடவிட்டனர். பலகைத்தளம் இல்லாத நம் வீடுகளில் ஈரத்தைப் போக்கும் பணி முற்றத்தினதும் சாளரத்தினதும் ஆயிற்று.

இந்நிலையைக் குலைத்தன இரண்டு. முதலாவது சிமெண்டு. 1824-இல் இங்கிலாந்தில் ஆஸ்ப்டின் என்பார் உரிமை பெற்ற அப்பொருள், 1904-இல் சென்னையிலும் செய்யப்படலாயிற்று. புதுக்கட்டிடத்திற்கு அது நன்றே; பழஞ்சுவரிற் பூசினால் உலரும் வழி அடைபட, ஓதம் பூச்சின் எல்லையைத் தாண்டி மேலேறும். இரண்டாவது சாலை. தார்மேல் தார் இட்டு வீதி உயர, வாயிற்படி புதைகின்றது. பழைய பரப்பைச் சுரண்டிய பின்னரே புதுத்தார் இடல்வேண்டும் எனத் தமிழக அரசு 2021-இல் அறிவுறுத்தியது. அதற்குமுன் புதைந்த படிகள் புதைந்தனவே.

செங்கம் சாலையருகே எம் பாட்டனார் கட்டிய மனைக்கு மூன்று படிகள் இருந்தன, இன்று ஒன்றே. யாமும் அறியாமையால் இடுப்பளவு சிமெண்டு பூசுவித்தோம். இரண்டு மழைக்காலத்துள் ஓதம் தோளளவு ஏறிற்று. ஏட்டுச்சுவடிப் பெட்டியின் அடிப்பலகை இற்றது. பின் சிமெண்டைக் கொத்தியெடுத்து, புறத்து மண்ணைத் தாழ்த்தி, அடைத்த சாளரத்தைத் திறந்தோம். ஓராண்டு சுவரை வெறிதே விட்டுவிட்டு, சுண்ணாம்பு பூசினோம். சாந்து அரைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடுதலே பெரும்பாடாயிற்று. கறை முற்றும் அகன்றிலது. உப்புப் பூத்தலோ நின்றது.

நம் சங்கக் கட்டிடத்து மேற்சுவரும் பூச்சுக்குக் காத்திருக்கின்றது. சிமெண்டு மூட்டைக்கு முன்பணம் கொடுக்குமுன் நிர்வாகிகள் ஒருமுறை எம் மனைக்கு வந்து, அச்சுவரிற் கைவைத்துப் பார்ப்பாராக.