ரிப்பன் மாளிகை சொல்லும் பாடம்



ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னை போய் சென்ட்ரலில் இறங்கியவர்கள், நிலையத்தை அடுத்துள்ள வெள்ளை மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். சென்னை மாநகராட்சியின் தலைமையிடம் அது. அதற்கு ஏன் ஒரு வெள்ளைக்கார வைஸ்ராயின் பெயர்?

முதலில் கட்டடம். 1688-இல் தொடங்கிய சென்னை மாநகராட்சி இந்தியாவிலேயே பழமையானது. எர்ரபாலு செட்டித் தெருவில் இயங்கிவந்த அதற்கு இந்த மாளிகையை வடிவமைத்தவர் ஜி.எஸ்.டி. ஹாரிஸ். கட்டிக் கொடுத்தவர் லோகநாத முதலியார். 1909-இல் அடிக்கல், 1913-இல் திறப்பு விழா. மொத்தச் செலவு ஏழரை லட்சம் ரூபாய். செங்கல் சுவருக்குச் சுண்ணாம்புக் காரை, கூரைக்குத் தேக்கு உத்திரம், தரைக்குக் கடப்பைக் கல் என்று எல்லாம் நமக்குப் பழக்கமான பொருள்கள்தான். ஆனால் தூண்களும் வளைவுகளும் ஐரோப்பியப் பாணி. நடுக்கோபுரத்தில் 8 அடி விட்டமுள்ள கடிகாரம். அக்கம்பக்கத்தில் சென்ட்ரலும் விக்டோரியா அரங்கமும் செங்கல் சிவப்பில் நிற்க, இது மட்டும் தூய வெள்ளை.

இனி பெயர். ரிப்பன் பிரபு 1880 முதல் 1884 வரை வைஸ்ராய். உள்ளூர் நிர்வாகத்தில் அதிகாரிகளின் பிடியைத் தளர்த்தி, மக்கள் தேர்ந்தெடுத்தவர்களைக் கொண்டுவர வேண்டும் என்று 1882-இல் அவர் தீர்மானம் வெளியிட்டார். நிர்வாகம் மேம்படுவதைவிட மக்கள் அரசியல் கல்வி பெறுவதே முக்கியம் என்பது அவர் வாதம். அதாவது, நகராட்சி ஒரு பள்ளிக்கூடம்! ஆசிரியனாக இருந்த எனக்கு இந்தக் கருத்து மிகவும் பிடிக்கும்.

அந்தப் பள்ளியில் பயின்றவர்களில் நம் சேலத்துக்காரர் ஒருவரும் உண்டு. 1866-இல் உருவான சேலம் நகராட்சிக்கு 1917-இல் தலைவரானார் வழக்கறிஞர் ராஜாஜி. பின்னாளில் அவரே இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார்.

ஆனால் அந்தப் பள்ளியையே நாம் பூட்டி வைத்ததும் உண்டு. 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை சேலம், சென்னை உட்படத் தமிழகத்தின் நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. அதிகாரிகளே நடத்தினார்கள். ரிப்பன் மாற்ற நினைத்த நிலை, ரிப்பன் மாளிகைக்குள்ளேயே திரும்பி வந்தது. குப்பைக்கும் குடிநீருக்கும் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவித்தோம். நம்மில் எத்தனை பேர் அதை எதிர்த்துப் பேசினோம்?

2024-இல் நாமக்கல்லும் மாநகராட்சியாகிவிட்டது. பெரிய கட்டடம் வரலாம், வரட்டும். அதற்கு முன் ஒரு வீட்டுப்பாடம்: உங்கள் வார்டு கவுன்சிலரின் பெயர் என்ன? தெரியாதவர்கள் இன்றே விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.