லேண்ட் ரோவரும் லேண்ட் குரூசரும்: ஸ்னோயி மலைகளில் நடந்த போட்டி

ஸ்னோயி மலைத் திட்டம் என்பது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1949 முதல் 1974 வரை நிறைவேற்றப்பட்ட நீர்மின், பாசனத் திட்டமாகும். தெற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த ஸ்னோயி ஆற்றின் நீரை, மலையைக் குடைந்து மேற்கே திருப்பி, வறண்ட சமவெளிகளுக்குக் கொண்டுசெல்வது இதன் நோக்கம். மேற்கே ஓடிய பெரியாற்று நீரை 1895-இல் கிழக்கே வைகைக்குத் திருப்பிய முல்லைப் பெரியாறு அணையை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கருத்து புதிதல்ல. அளவுதான் வேறு. இங்கே 16 பெரிய அணைகளும், 7 மின் நிலையங்களும், சுமார் 145 கிலோமீட்டர் சுரங்க வழிகளும் கட்டப்பட்டன. 30-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் உழைத்தனர். 121 பேர் பணியில் உயிரிழந்தனர்.

பொறியியல் வரலாற்றில் இத்திட்டத்துக்குப் பெரிய இடம் உண்டு. மோட்டார் வாகன வரலாற்றிலும் இதற்கு ஓர் இடம் உண்டு என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிரிட்டனின் லேண்ட் ரோவர், ஜப்பானின் லேண்ட் குரூசர் ஆகிய இரண்டு கரடுமுரடான வண்டிகளும் ஒரே மலையில், ஒரே சேற்றில், ஒரே வேலைக்காக அருகருகே நின்றது இங்கேதான்.

பாதையில்லாத மலை

ஆஸ்திரேலியாவின் மிக உயரமான சிகரமான 2,228 மீட்டர் உயரக் கோசியஸ்கோ இந்த மலைத்தொடரில்தான் உள்ளது. குளிர்காலத்தில் பனி மூடும். பனி உருகும் மாதங்களில் மண் குழைந்து சேறாகும். திட்டம் தொடங்கியபோது அங்கே பெரும்பாலும் மாடு மேய்ப்பவர்கள் குதிரையில் சென்ற தடங்களே இருந்தன. அணைக்கு இடம் பார்க்க வேண்டிய நில அளவையாளர்களும், ஆற்றில் நீர் அளவு குறிக்க வேண்டியவர்களும், சுரங்க முகாமுக்கு அரிசி, மாவு, டீசல் கொண்டுசெல்ல வேண்டியவர்களும் அந்தத் தடங்களில்தான் போக வேண்டியிருந்தது. பழுதாகி நிற்கும் வண்டி அங்கே ஒரு தொந்தரவு மட்டுமல்ல; பனிப்புயலில் அது உயிருக்கே ஆபத்து. செங்குத்தான சரிவுகளில் வாகன விபத்துகளும் குறைவாக இல்லை. உலகின் பல நாடுகள் சீட் பெல்ட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் முன்பே, 1960 வாக்கில், இத்திட்ட ஆணையம் தன் வண்டிகளில் அதைக் கட்டாயமாக்கியதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் வந்தது லேண்ட் ரோவர்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் பயன்படுத்திய ஜீப், போர் முடிந்ததும் விற்பனைக்கு வந்தது. ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவிலிருந்த தன் பண்ணையில் அப்படி ஒரு பழைய ஜீப்பை வைத்திருந்தார். அது ஓய்ந்துபோனால் வேறு எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்தே லேண்ட் ரோவர் பிறந்தது. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அது அறிமுகமானது.

போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுக்குக் கட்டுப்பாடு இருந்தது. அலுமினியம் எளிதாகக் கிடைத்தது. ஆகவே வண்டியின் உடற்பகுதி அலுமினியக் கலவையால் செய்யப்பட்டது. தட்டுப்பாட்டில் எடுத்த முடிவு பிறகு வரமாக மாறியது, உடல் துருப்பிடிக்கவில்லை. அடியிலிருந்த எஃகுச் சட்டம் துருப்பிடித்தது என்பது வேறு கதை.

பிரிட்டிஷ் காமன்வெல்த் நாடான ஆஸ்திரேலியாவுக்கு லேண்ட் ரோவர் தொடக்கத்திலேயே வந்து சேர்ந்தது. ஸ்னோயி திட்டமும் ஏறத்தாழ அதே நேரத்தில் தொடங்கியது. எனவே மலைமேல் முதல் பத்து ஆண்டுகள் லேண்ட் ரோவரின் காலம்.

ஒப்பீடு வேண்டியிருந்ததேன்?

லேண்ட் ரோவரில் இரண்டு குறைகள் தொடர்ந்து சொல்லப்பட்டன. ஒன்று, எஞ்சினின் வலிமை. முதல் வண்டியில் 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 50 குதிரைத்திறன். 1958-இல் இரண்டாம் வரிசை வண்டிகளுடன் வந்த 2.25 லிட்டர் எஞ்சினும் 70-ஐச் சற்றே தாண்டியது. பாரம் ஏற்றிய வண்டி மலைச்சாலையில் முனகிக்கொண்டே ஏறும்.

மற்றொன்று பின் ஆக்சில். எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் ஆக்சில் தண்டு அதிகப் பாரத்தில் முறிவது லேண்ட் ரோவர் ஓட்டியவர்கள் எல்லோரும் அறிந்த குறை. ஆனால் அதே வடிவமைப்பில் ஒரு நல்ல குணமும் இருந்தது. வண்டியின் எடையைத் தாங்குவது ஆக்சில் குழாய். உள்ளே உள்ள தண்டு திருப்பும் வேலையை மட்டுமே செய்கிறது. ஆகவே தண்டு முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. ஓட்டுநர் மஞ்சள் குமிழ் உள்ள கம்பியை அழுத்தி முன் சக்கர இயக்கத்தைச் சேர்த்துக்கொண்டு, முன் சக்கரங்களின் இழுப்பிலேயே முகாம் திரும்பலாம். பிறகு சக்கர மையத்தின் ஆறு போல்ட்டுகளைக் கழற்றி, முறிந்த தண்டை உருவிப் புதியதைச் செருகலாம். மாற்றுத் தண்டைக் கையோடு கொண்டுசென்றவர்கள் பலர். உடைவதை எதிர்பார்த்து, உடைந்தால் எளிதில் சரிசெய்யும்படி செய்யப்பட்ட வண்டி என்று லேண்ட் ரோவரைச் சொல்லலாம்.

இதோடு மூன்றாவது சிக்கலும் இருந்தது. அது வண்டியில் இல்லை. லேண்ட் ரோவருக்கு உலகெங்கும் தேவை இருந்தது. சோலிஹல் ஆலையால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. வாங்குபவர் காத்திருந்தார். காத்திருப்பவரின் குறையைக் கேட்க விற்பவருக்கு அவசரம் இருக்கவில்லை.

ஃபூஜி மலையிலிருந்து வந்த வண்டி

1950-இல் கொரியப் போர் மூண்டபோது, ஜப்பானிலேயே ஜீப் போன்ற வண்டிகளைச் செய்துகொள்ளும் தேவை எழுந்தது. டொயோட்டா 1951 ஜனவரியில் ‘டொயோட்டா ஜீப் பிஜே’ என்ற மாதிரி வண்டியைச் செய்தது. அதில் இருந்தது லாரிக்கான 3.4 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். சிறிய வண்டியில் பெரிய எஞ்சின் என்ற இந்த முடிவுதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் விதை. அதே ஆண்டு ஜூலையில் சோதனை ஓட்டுநர் இச்சிரோ தாய்ரா அதை ஃபூஜி மலையின் ஆறாம் நிலையம் வரை ஓட்டிச் சென்றார். அதைக் கண்ட ஜப்பானியக் காவல்துறை 289 வண்டிகளை வாங்கியது.

‘ஜீப்’ என்பது வில்லிஸ் நிறுவனத்தின் வணிகப் பெயர் என்பதால் 1954-இல் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. இங்கிலாந்தின் லேண்ட் ரோவருக்குக் கௌரவத்தில் குறையாத பெயர் வேண்டும் என்று கருதித் தொழில்நுட்ப இயக்குநர் ஹான்ஜி உமெஹாரா ‘லேண்ட் குரூசர்’ என்று பெயரிட்டார். போட்டியாளர் யார் என்பதை டொயோட்டா பெயரிலேயே எழுதி வைத்துக்கொண்டது எனலாம்.

லெஸ்லி தீஸ் எடுத்த முடிவு

ஸ்னோயி திட்டத்தின் முதல் பெரிய ஒப்பந்தங்கள் அமெரிக்க, நார்வே, பிரெஞ்சு நிறுவனங்களிடம் சென்றன. 1958-இல் குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்த ‘தீஸ் சகோதரர்கள்’ என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் டூமா–டூமட் பணியைப் பெற்றது. அதன் தலைவர் லெஸ்லி தீஸ், 1950-களின் இறுதியில் தன் வேலைத்தளங்களுக்காக லேண்ட் குரூசர்களை ஜப்பானிலிருந்து இறக்குமதி செய்தார்.

இன்று இது சாதாரண வணிக முடிவாகத் தோன்றும். அன்று அப்படி இல்லை. 22,000-க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்கள் ஜப்பானியரிடம் போர்க்கைதிகளாக இருந்தனர். அவர்களில் 8,000-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. சயாம் மரண ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மடிந்தது நமக்குத் தெரியும். அதே பாதையில்தான் ஆஸ்திரேலியக் கைதிகளும் மடிந்தனர். போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஆஸ்திரேலியாவும் ஜப்பானும் வணிக ஒப்பந்தம் செய்துகொண்டதே 1957-இல்தான். முகாமில் வேலை செய்தவர்களில் முன்னாள் படைவீரர்களும் இருந்தனர். அவர்கள் நடுவே ஒரு ஜப்பானிய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குத் துணிவு வேண்டும்.

காகிதத்தில் வைத்து ஒப்பிட்டால்கூட முடிவு தெளிவாக இருந்திருக்காது. லேண்ட் குரூசரின் பக்கம் 3.9 லிட்டர் எஞ்சினும் 100-க்கு மேற்பட்ட குதிரைத்திறனும் இருந்தன. தடிமனான எஃகு, பெரிய ஆக்சில், பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள். ஆனால் பெட்ரோலை அது அதிகம் குடித்தது. எஃகு உடல் துருப்பிடித்தது. லேண்ட் ரோவரில் நான்கு கியர்களும், அவற்றை மேலும் மெதுவாக்கும் இரண்டாம் கியர்பெட்டியும் சேர்ந்து எட்டு வேகநிலைகள் இருந்தன. தொடக்க கால லேண்ட் குரூசரில் அந்த மெதுவியக்க வசதியே கிடையாது. செங்குத்தான சேற்றுச் சரிவில் பிரேக்கைத் தொடாமல் ஊர்ந்து இறங்க வேண்டிய இடத்தில் இது சிறிய குறை அல்ல.

முதலில் வந்த லேண்ட் குரூசர்களும் அந்த மலையில் பழுதாயின. ஆனால் டொயோட்டாவுக்கு அப்போது வெளிநாட்டுச் சந்தை என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. வாராது வந்த வாடிக்கையாளரை இழக்க அது விரும்பவில்லை. பழுதுகளைக் கவனித்துத் தீர்க்கத் தன் பொறியாளர்களை அனுப்பியது. 1960-இல் வந்த 40 வரிசை வண்டிகளில் மெதுவியக்கக் கியர் சேர்க்கப்பட்டது. மூன்று கியர்கள், இரண்டு நிலைகள், ஆக மொத்தம் ஆறு. எண்ணிக்கையில் லேண்ட் ரோவர் இன்னும் முன்னேதான். நான்காவது கியருக்கு 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் பெரிய எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே போதுமான இழுவிசை தந்ததால் மூன்று கியர்கள் பெரிய குறையாகத் தெரியவில்லை.

40 வரிசையின் பின் ஆக்சிலை லேண்ட் ரோவரின் ஆக்சிலோடு வைத்துப் பார்த்தால் இரு நாட்டுப் பொறியாளர்களின் எண்ணப்போக்கு புலப்படும். இதில் தண்டே வண்டியின் எடையையும் தாங்குகிறது. முறிந்தால் சக்கரம் வெளியே வந்துவிடக்கூடும். மலைமேல் சரிசெய்வது கடினம். பாடநூல் முறைப்படி லேண்ட் ரோவரின் வடிவமைப்பே உயர்ந்தது. ஆனால் டொயோட்டாவின் தண்டு எளிதில் முறியாத அளவுக்குத் தடிமனாக இருந்தது.

தீஸ் வண்டி வாங்கியதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் டொயோட்டாவின் விற்பனையாளராகவும் ஆனார். சுரங்கம், கால்நடைப் பண்ணை, சாலைப்பணி என்று அவரைப் போன்ற வேலை செய்தவர்கள் நாடெங்கும் இருந்தனர். அவர்களுக்கு வண்டியோடு உதிரிபாகங்களும் கிடைத்தன.

பிறகு

1960-களில் ஆஸ்திரேலியச் சந்தையில் லேண்ட் ரோவரின் பிடி தளர்ந்தது. 1968-இல் ரோவர், பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெருங்குழுமத்தில் அடங்கியது. நட்டத்தில் ஓடிய கார் பிரிவுகளுக்கு நடுவே, லாபம் தந்த லேண்ட் ரோவருக்குத் தேவையான முதலீடு கிடைக்கவில்லை. 1970-களில் டொயோட்டா லேண்ட் குரூசருக்கு டீசல் எஞ்சின்களையும் கொடுத்தது. அதன்பின் போட்டி என்று சொல்ல அதிகம் மிஞ்சவில்லை.

உட்பாலைக்குள் போக வேண்டுமானால் லேண்ட் ரோவரை எடு, திரும்பி வர வேண்டுமானால் லேண்ட் குரூசரை எடு என்று ஆஸ்திரேலியாவில் ஒரு கேலிப் பேச்சு உண்டு. கேட்கச் சுவையானது, முழுக்க நியாயமானதல்ல. முன் சக்கரங்களால் முகாம் திரும்பிய லேண்ட் ரோவர்களை அது கணக்கில் எடுப்பதில்லை. மலேசியாவின் கேமரன் மலையில் தமிழர்கள் பணிபுரியும் தேயிலைத் தோட்டங்களின் பக்கமாகச் செல்பவர்கள், காய்கறிக் கூடைகளைச் சுமந்துகொண்டு ஏறும் பழைய லேண்ட் ரோவர்களை இன்றும் காணலாம்.

1980-களில் ஆஸ்திரேலியத் தரைப்படை தன் பழைய வண்டிகளை மாற்ற முனைந்து, பல வண்டிகளை ஒப்பிட்டுச் சோதித்தது. ‘பெரன்டி’ எனப்பட்ட அத்திட்டத்தில் தேர்வானது லேண்ட் ரோவர் 110. ஆனால் அதன் முன்மூடியின் கீழ் இருந்தது 3.9 லிட்டர் இசுசு டீசல் எஞ்சின்; ஜப்பானியத் தயாரிப்பு.